நச்சு மனிதர்களும் நுரை பொங்கும் ஆறும்: தலைமைப் பயிற்சியில் சௌசம் படும் பாடு

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம். ஓசூர் சிப்காட்டில் நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியில், யோகா தினத்தை ஒட்டி மேற்பார்வையாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். கம்பெனியின் பெயர் வேண்டாம். இது எந்தக் கம்பெனியிலும் நடக்கக்கூடிய கதைதான்.

ஏசி ஹால், புதுப் பாய், காபிக்குப் பதில் இஞ்சி டீ. பயிற்சி கொடுக்க வந்தவர் நல்ல மனிதர், நிதானமான குரல். பதஞ்சலி சொல்லும் 'சௌசம்', அதாவது தூய்மை, ஒரு தலைவனுக்கு எப்படி உதவும் என்பதுதான் அன்றைய பாடம். நான்கு ஸ்லைடில் முடித்துவிட்டார். மேசை சுத்தம், சாப்பாட்டில் சுத்தம், உடம்பு சுத்தம், உறவில் சுத்தம். அந்த நாலாவது ஸ்லைடில் இருந்தது இது: உங்களைச் சுற்றியிருக்கும் நச்சு மனிதர்களை அடையாளம் காணுங்கள், அவர்களிடமிருந்து விலகி இருங்கள், உங்கள் சக்தி வீணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று ஸ்லைடிலும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. இந்தக் குறிப்பு நாலாவதைப் பற்றியது. அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தன். தலையாட்டியதோடு நிற்கவில்லை, மறுநாளே செய்தும் காட்டினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் செய்தது

என் லைனில் அப்போது முப்பத்துச் சொச்சம் பெண்கள். பெரும்பாலும் தருமபுரி, ஊத்தங்கரை, அரூர் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவர்கள். ஓசூரின் முகம் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. 1980-களில் இங்கே வந்தவை லாரி, மொபெட், கைக்கடிகாரம். இப்போது செல்போன் பாகங்களும் மின்சார ஸ்கூட்டரும். போச்சம்பள்ளியில் அமையும் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா 2021-ல் அறிவித்தது. காலை ஷிப்டுக்கு விடிவதற்கு முன்னே ஓடுகிற கம்பெனி பஸ்களைப் பார்த்தாலே தெரியும், ஜன்னலோரம் தூங்கி விழுகிற முகங்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்.

லைன் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கன்வேயர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் நிற்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். முப்பது பேருக்கு எனக்கு ஒரே ஒரு ரிலீவர். ஆக, டாய்லெட் போகணும் என்றால் கையைத் தூக்கி, முறை வரும் வரை காத்திருக்கணும்.

இதைப் பற்றி ஒரு பெண் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். காலை மீட்டிங்கில் கேட்பாள், மாதக் கூட்டத்தில் கேட்பாள். ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "சார், தண்ணி நிறைய குடிங்கன்னு போஸ்டர் ஒட்டியிருக்கீங்க. குடிச்சா எங்க போறது?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

பயிற்சி முடிந்த அடுத்த வாரம் அவளை பேக்கிங் பக்கம் மாற்றினேன். காரணமாக எழுதியது 'தேவைக்கேற்ப மாற்றம்'. மனசுக்குள் எழுதியது 'நச்சு'. ஒன்று சொல்லணும், பொய் சொல்லக்கூடாது: எனக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. காலை மீட்டிங் அமைதியாகப் போனது. வீட்டுக்கு வந்து எரிந்து விழவில்லை, நன்றாகத் தூங்கினேன். சௌசம் வேலை செய்கிறது என்று நம்பினேன்.

நூலில் என்ன இருக்கு

அந்த ஸ்லைடு எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தேடினேன். பயிற்சியாளர் கையிலிருந்து போட்டது இல்லை அது, ஒரு வேர் இருக்கு.

யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் எட்டு அங்கங்கள் வருகின்றன. முதல் அங்கம் யமம், இரண்டாவது நியமம். நியமத்தின் ஐந்தில் முதலாவது சௌசம். அதன் பலனை இரண்டு சூத்திரங்கள் சொல்கின்றன, 2.40-ம் 2.41-ம். முதலாவதன் சாரம்: தூய்மையைக் கடைப்பிடிப்பவனுக்குத் தன் உடம்பின் மேலேயே ஒரு அருவருப்பு வரும், பிறர் உடம்போடு சேரும் விருப்பமும் போகும். இரண்டாவது சொல்வது: உள்ளம் தெளியும், மனம் மலர்ச்சியடையும், ஒருமுகப்படும், புலன்கள் அடங்கும், தன்னை அறியும் தகுதி வரும்.

'நச்சு மனிதர்களை விலக்கு' என்பது 2.40-ன் பிற்பாதியின் பேரன். ஆனால் வழியில் இரண்டு விஷயங்கள் தொலைந்துபோய்விட்டன.

ஒன்று, வரிசை. அந்தச் சூத்திரத்தில் அருவருப்பு முதலில் விழுவது தன் உடம்பின் மேல். எத்தனை கழுவினாலும் இது மறுபடி அழுக்காகும் என்று பார்த்துப் பார்த்து, உடம்பின் மேலிருக்கும் மயக்கம் கழல்வதுதான் அங்கே நடப்பது. பிறர் மேலுள்ள பற்று விடுவது அதன் தொடர்ச்சி. நம் ஸ்லைடில் முதல் பாதி கழன்று போய், நான் சுத்தம், அடுத்தவன்தான் அழுக்கு என்று ஆகிவிட்டது. சூத்திரம் தலைகீழாக நிற்கிறது.

இரண்டு, ஆள். அந்தச் சூத்திரம் பேசுவது உலகைத் துறந்து கைவல்யம் தேடிப் போகிறவனிடம். அவன் பிறர் தொடர்பை விட்டால் யாருக்கும் நட்டமில்லை. முப்பது பேருக்குப் பொறுப்பான ஷிப்ட் இன்சார்ஜின் கதை வேறு. அவனுடைய வேலையே தொடர்புதான். விலகல் துறவிக்குப் பயிற்சி. மேற்பார்வையாளன் விலகினால் அதற்குப் பெயர் கடமை தவறுதல்.

ஹட யோகத்திலும் இப்படி ஒரு நழுவல் உண்டு. மூன்றாவது ஸ்லைடில் 'உடம்பைக் கழுவித் தள்ளுங்கள், டீடாக்ஸ்' என்று சொல்லி தௌதி, நேதி எல்லாம் காட்டினார்கள். ஹட யோக பிரதீபிகை அந்த ஆறு கிரியைகளையும் எல்லாருக்கும் விதிக்கவில்லை. கொழுப்பும் கபமும் மிகுந்தவர்கள் முதலில் இவற்றைச் செய்யட்டும், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்கிறது. (இடையில் ஒரு எச்சரிக்கை: ஜலநேதி செய்கிறவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடாதீங்க, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் நேதி செய்த இரண்டு பேர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள்.)

உடம்பின் கழிவை இரவு பகல் பார்க்காமல் வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். சிறுநீரகம் கேட்பது இரண்டே விஷயம்: குடிக்கத் தண்ணீர், போக ஒரு இடம். டீடாக்ஸ் பற்றி ஒரு மணி நேரம் பேசிய அந்த ஹாலுக்கு நூறடி தள்ளி, ரிலீவர் வராமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என் லைன் பெண்கள். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் படியைத் தாண்டிக் குதிப்பது

பெரும்பாலான தலைமைப் பயிற்சிகள் நியமத்தில் ஆரம்பிக்கின்றன. பதஞ்சலி யமத்தில் ஆரம்பிக்கிறார். கொல்லாமை, வாய்மை, திருடாமை, பிரம்மசரியம், பொருள் குவிக்காமை. இந்த ஐந்தும் பெரும்பாலும் மற்றவர்களோடு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது பற்றியவை. சௌசம் இவற்றுக்குப் பிறகு வருகிறது. முதலில் அடுத்தவன் மேல் காலை வைக்காதே, பிறகு உன் காலைக் கழுவு என்று எளிமையாகச் சொல்லலாம்.

இன்னும் ஒரு படி போய், 2.31-ல் இந்த ஐந்தையும் மகாவிரதம் என்கிறார். பிறந்த குலம், இடம், காலம், சூழ்நிலை என்ற எந்தச் சாக்கும் சொல்லி இவற்றைத் தளர்த்தக் கூடாது என்பது அதன் பொருள். உரைகாரர்கள் இதற்கு மீன்பிடிப்பவனை உதாரணம் காட்டுவார்கள். மீனை மட்டும்தான் கொல்வேன் என்பது குலத்தின் சாக்கு. நம் ஊர் உதாரணம் நான் சொல்கிறேன்: "மாசக் கடைசி சார், டிஸ்பாட்ச் பிரஷர்." சூழ்நிலைச் சாக்கு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உரை எங்கே கிடைக்கும்?

திருடாமை என்றால் ஸ்பேனர் காணாமல் போவது மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. நேரமும் திருடப்படும். இடைவேளையில் மூன்று நிமிடம், ஷிப்ட் முடிந்து பத்து நிமிடம், உடம்பு கேட்கும்போது போக முடியாத இருபது நிமிடம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மொத்தமாக எடுத்தால் கண்ணில் படுகிறது, சட்டமன்றம் வரை போகிறது. சில்லறையாக எடுத்தால் யாரும் எண்ணுவதில்லை.

சட்டம் இதில் நம் பயிற்சிகளை விடத் தெளிவாக இருந்தது என்பது ஒரு வேடிக்கை. இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்ட 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில், 11-ஆம் பிரிவின் தலைப்பே தூய்மைதான். தரையை வாரம் ஒருமுறையாவது கழுவணும், வெள்ளையடித்த சுவருக்கு 14 மாதத்துக்குள் மறுபடி வெள்ளையடிக்கணும் என்றெல்லாம் போகும். 19-ஆம் பிரிவு கழிப்பறை பற்றியது. தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் எல்லா நேரமும் அது அவர் போகக்கூடியதாக இருக்கணும் என்றது அது. எல்லா நேரமும். ரிலீவர் வரும் நேரம் என்று அதில் இல்லை. என் டாய்லெட் பளபளவென்றுதான் இருந்தது, ஆடிட்டில் முழு மார்க். போகத்தான் ஆள் வர முடியவில்லை.

சுத்தமாக உணர்வது எதற்குச் சாட்சி?

அந்தப் பெண்ணை மாற்றியபின் எனக்குக் கிடைத்த நிம்மதிக்கு வருகிறேன். அது பொய்யான உணர்வு இல்லை, நிஜம். ஆனால் எதற்குச் சாட்சி அது?

2006-ல் 'சயின்ஸ்' இதழில் சென்-போ ஜோங், கேட்டி லில்ஜென்குவிஸ்ட் என்ற இருவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தாங்கள் செய்த ஒரு தவறை நினைத்துப் பார்க்கச் சொல்லி, சிலருக்கு மட்டும் கை துடைக்க ஈரத்துணி கொடுத்தார்கள். பிறகு சம்பளமில்லாமல் ஒரு மாணவருக்கு உதவ முடியுமா என்று கேட்டார்கள். கை துடைக்காதவர்களில் 74 சதவீதம் பேர் சரி என்றார்கள், துடைத்தவர்களில் 41 சதவீதம்தான். கையைக் கழுவியதும் மனசாட்சியும் கழுவப்பட்டுவிட்டது போல. இதை முழுசாக நம்பிவிட வேண்டாம். அதே கட்டுரையின் இன்னொரு சோதனையை 2014-ல் வேறு ஒரு குழு திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஒரு ஐயமாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

இன்னும் நெருக்கமான ஆய்வுகள் உண்டு. 2018-ல் கெபாவர் குழுவினர் 93 யோகா மாணவர்களைப் பல வாரங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். யோகா செய்த கையோடு கேட்டபோது அவர்களின் 'நான்' குறையவில்லை, கூடியிருந்தது. 2022-ல் ஹாஃபன்பிராக் குழுவினர் கண்டது: மூச்சைக் கவனிக்கும் தியானம் குற்ற உணர்வைக் குறைக்கிறது, குறைந்தவுடன் தவறைச் சரிசெய்யும் முனைப்பும் குறைகிறது. அதே ஆய்வில், பிறர் நலம் நினைக்கும் மைத்ரி வகைத் தியானம் செய்தவர்களிடம் ஈடு செய்யும் எண்ணம் அதிகமாகவே இருந்தது.

இந்தக் கடைசி வேறுபாடு பதஞ்சலியிலேயே இருக்கு. முதல் பாதத்தின் 33-ஆம் சூத்திரம் மனம் தெளிய வழி சொல்கிறது: இன்பத்தில் இருப்பவரிடம் நட்பு, துன்பத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லவரிடம் மகிழ்ச்சி, தீயவரிடம் பாராமுகம். பயிற்சியாளர்கள் இந்த நாலில் கடைசியை மட்டும் உருவி எடுத்துக்கொள்கிறார்கள். "நச்சு ஆளைக் கண்டுகொள்ளாதே." அந்தப் பெண் தீயவள் இல்லையே, துன்பத்தில் இருந்தவள். அவளுக்கு உரியது இரண்டாவது. மருந்துச் சீட்டைத் தப்பாகப் படித்தது நான்.

கம்பெனி நல்வாழ்வுத் திட்டங்கள் மொத்தத்தையும் பற்றிப் பெரிய கணக்கு ஒன்று 2024-ல் வந்தது. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் பதில்களை வில்லியம் ஃபிளெமிங் ஆராய்ந்தார். மனவுறுதிப் பயிற்சி, தியானச் செயலி போன்ற, ஆளை மட்டும் மாற்றப் பார்க்கும் திட்டங்களில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் நல்வாழ்வில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கொஞ்சமாவது பலன் தெரிந்தது ஒன்றில்தான்: பிறருக்கு உதவும் தொண்டு வேலை. யோகா பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. தினமும் காலையில் நானே செய்கிறேன், முதுகுக்கு நல்லது. லைனில் இருக்கும் கோளாறை லைனில்தான் சரிசெய்யணும், பாயில் படுத்து முடியாது என்பதுதான் அர்த்தம்.

நுரை

ஓசூர்க்காரர்களுக்குத் தூய்மையைப் பற்றிப் பாடம் நடத்த பயிற்சியாளர் தேவையில்லை. கெலவரப்பள்ளி அணை போதும்.

நந்திமலையில் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, ஓசூர் தாலுகாவில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது தென்பெண்ணை. மழைக்காலத்தில் அணையின் மதகைத் திறந்தால் தண்ணீர் தெரியாது, வெள்ளை நுரை மலை மலையாகப் போகும். சில நாள் கீழே இருக்கும் தரைப்பாலத்தையே மூடிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு மாதிரி அழகாக இருக்கும், கிட்டே போனால் மூக்கைப் பொத்தணும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக வரும் பெங்களூரின் கழிவுநீர் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி 2017-ல் தீப்பிடித்தே எரிந்தது. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 50 கோடி ரூபாய் கட்டணும் என்றது.

அந்த நுரை எதனால் ஆனது என்று யோசித்துப் பாருங்க. ஆலைக் கழிவுக்கும் பங்கு உண்டு. ஆனால் நுரையை நுரையாக்கும் பொருளில் பெரும்பகுதி சோப்பும் சலவைத்தூளும். யாரோ குளித்தது, யாரோ சட்டை துவைத்தது, யாரோ பாத்திரம் பளபளவென்று கழுவியது. பல லட்சம் பேருடைய வெளித்தூய்மை ஒன்றுசேர்ந்து கெலவரப்பள்ளியில் மலையாக நிற்கிறது. அந்த லட்சம் பேரில் ஒவ்வொருவரும் தன் வீட்டில் சுத்தமாகத்தான் இருக்கிறார்.

கர்நாடகாவைத் திட்டுவது நமக்கு எளிது. அதே ஆறு ஓசூர், சூளகிரி பக்கத்தைக் கடந்து கிருஷ்ணகிரி அணைக்கும், அங்கிருந்து சாத்தனூருக்கும், கடைசியில் கடலூருக்கும் போகிறது. நாம் சேர்ப்பதும் அதில்தான் போகிறது. கிருஷ்ணகிரியில் அணையைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு நாம்தான் பெங்களூர்.

மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-ல் எழுதிய புத்தகத்தில், அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்ற கருத்தை முன்வைத்தார். சோறு தட்டில் இருந்தால் உணவு, சட்டையில் இருந்தால் அழுக்கு. அப்படியானால் தூய்மையாக்குவது என்பது பல சமயம் அழுக்கை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுவதுதான். எங்கே மாற்றுகிறோம், யார் தலையில் மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. நம் நாட்டில் அந்தக் கேள்விக்கு வெகுகாலமாக ஒரே பதில் இருந்து வந்தது. தூய்மைக்குப் பொறுப்பு ஒரு சாதிக்கு, தூய்மையின் பெருமை இன்னொரு சாதிக்கு. 1927-ல் மகாட்டில் அம்பேத்கரும் தோழர்களும் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தபின், அந்தக் குளத்துக்குத் 'தீட்டுக் கழித்தார்கள்'. குடங்குடமாகப் பாலும் தயிரும் சாணியும் கோமியமும் ஊற்றி. சாணி கரைத்த தண்ணீர் சுத்தம், மனிதன் தொட்ட தண்ணீர் தீட்டு.

'நச்சு மனிதர்' என்ற புதுச்சொல்லுக்கு அந்தப் பழைய வாடை இருக்கு என்று சொன்னால் பயிற்சியாளர்கள் வருத்தப்படுவார்கள். அவர்கள் மனதில் சாதி இல்லாமலே இருக்கலாம். ஆனால் பொறிமுறை ஒன்றுதான்: கீழே இருப்பவர் ஒரு குறையைச் சொல்கிறார், குறையைப் பார்ப்பதற்குப் பதில் அவரையே குறையாக்கி ஒதுக்கிவிடுகிறோம், ஒதுக்கியபின் நமக்குச் சுத்தமாக இருக்கு. அன்றைய பயிற்சி ஹாலைக் காலை ஐந்தரைக்கே வந்து துடைத்த ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு அந்தப் பயிற்சிக்கு அழைப்பு இல்லை. தூய்மை பற்றி அந்த அறையிலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

துடைத்தால் தெரியும்

தூய்மையைக் கைவிடச் சொல்கிறேனா என்றால், இல்லை. வேறு ஒரு தூய்மை நம் ஆலைகளுக்குள்ளேயே இருக்கு.

ஓசூர் பக்கம் வேலை பார்க்கும் யாருக்கும் 5எஸ் தெரியும். ஜப்பானிலிருந்து வந்த முறை, தமிழில் போர்டே எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். இந்தத் தர முறைகளை விடாமல் பிடித்துத்தான் ஓசூரில் ஆலை நடத்தும் டிவிஎஸ் மோட்டார் 2002-ல் டெமிங் பரிசு வாங்கியது. 5எஸ்-ஸின் மூன்றாவது, 'செய்சோ', சுத்தம் செய்தல். நல்ல பழைய ஃபிட்டர் யாரிடமாவது கேளுங்க, மெஷினை ஏன் தினமும் துடைக்கணும் என்று. அழகுக்காக என்று சொல்ல மாட்டார். "துடைச்சாத்தான் எங்க எண்ணெய் கசியுதுன்னு தெரியும்" என்பார். எண்ணெயும் தூசியும் அப்பிக்கிடக்கும் மெஷினில் விரிசல் தெரியாது. துடைப்பது பார்ப்பதற்காக.

இதே செய்சோ இன்னொரு விதமாகவும் நடக்கும். நாளைக்கு ஆடிட் என்றால் இன்றைக்கு எண்ணெய் சொட்டும் இடத்தில் பெயின்ட் அடிப்பது. அதுவும் சுத்தமாகத்தான் தெரியும். முதல் தூய்மை கசிவைக் காட்டும், இரண்டாவது மறைக்கும். என் லைனில் 'எங்க போறது' என்று கேட்ட பெண் ஒரு கசிவைக் காட்டினாள். நான் பெயின்ட் அடித்தேன்.

வள்ளுவரிடம் இந்த வேறுபாடு கச்சிதமாக இருக்கு. வாய்மை அதிகாரத்தில், புறத்தின் தூய்மை நீரால் வரும், அகத்தின் தூய்மை உண்மை பேசுவதால் தெரியவரும் என்ற பொருளில் சொல்கிறார். உள்ளத் தூய்மைக்கு அவர் கொடுக்கும் சோதனை மன அமைதி இல்லை, உண்மை. தலைமைக்கு வரும்போது இன்னும் இறுக்குகிறார். அமைச்சர்களுக்குச் சொல்லும் பகுதியில் வினைத்தூய்மை என்று ஒரு தனி அதிகாரமே வைத்திருக்கிறார், 66-ஆவது. அங்கே உடம்பும் இல்லை, மூச்சும் இல்லை. செய்கிற செயல் சுத்தமா என்பது மட்டும்தான். பிறர் அழ அழச் சேர்த்தது நாம் அழ அழப் போகும், வஞ்சனையால் சேர்ப்பது சுடாத மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பது போல என்கிறார். தலைவனின் தூய்மையை அவன் முகத்தில் தேடாமல், அவன் கீழே இருப்பவர் கண்ணில் தேடச் சொல்வதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். திருமூலரும் நியமத்தைப் பத்தாக விரிக்கும்போது தூய்மையை முதலில் வைத்து, பக்கத்திலேயே அருளை வைக்கிறார். இரண்டையும் பிரித்து விற்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் சேர்த்து, இப்போது யாராவது 'சௌசமும் தலைமையும்' என்று பேச வந்தால் நான் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். உங்கள் தூய்மையின் கழுவுநீர் எங்கே போகிறது? அதை யார் அள்ளுகிறார்? உங்களுக்குப் பிடிக்காத செய்தி கடைசியாக எப்போது உங்கள் காதுக்கு வந்தது, அதைக் கொண்டுவந்தவர் இப்போது எந்த லைனில் இருக்கிறார்?

பிறகு

அவளை மாற்றி ஒன்றரை மாதம் இருக்கும். ஏதோ கையெழுத்துக்காக முதலுதவி அறைக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸ் அம்மா, நான் கேட்காமலே சொன்னார்: "தம்பி, உங்க லைன் புள்ளைங்கதான் நீர்க்கடுப்புன்னு அடிக்கடி வருதுங்க. தண்ணி குடின்னா, வேண்டாம்மா ஷிப்ட்ல இருக்கோம்ங்குதுங்க." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தேதி வரிசையாக இருந்தது. காலை மீட்டிங் அமைதியாகப் போன வாரங்கள் அத்தனையும் அதில் இருந்தன.

பேக்கிங் பக்கம் போய் அவளிடம் பேசினேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை, "நீ சொன்னது சரிதாம்மா" என்று மட்டும் சொன்னேன். திரும்ப லைனுக்கு வர்றியா என்றேன். "வேணாம் சார், இங்க நினைச்சப்ப போய்ட்டு வரலாம்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

இன்னும் இரண்டு ரிலீவர் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். நாலு மாதம் கழித்து ஒருவர் கிடைத்தார். அதற்கு அடுத்த வருடம் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். தண்ணீர் குடிக்கச் சொல்லும் அந்தப் போஸ்டர் நான் கிளம்பும்போதும் அங்கேதான் இருந்தது.